அளவுப் பலகையும் ஆதம் காக்காவின் ஆணியும்

மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டத்தை அளக்கத் தானியங்கிக் கருவி ஒன்று வந்துவிட்டது. கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அதுவே அளந்து அதுவே அலுவலகத்துக்கு அனுப்பிவிடுமாம். மழைக்கு ஒதுங்காது, லீவு கேட்காது. நான் இருபத்தெட்டு வருடம் கரையில் குந்தியிருந்து செய்த வேலையை இனி அது செய்யப் போகிறது. என் மனதுக்கு இதில் வருத்தமில்லை, முழங்காலுக்கோ பெரிய சந்தோஷம்.

செய்தியைத் தொலைபேசியில் சொன்னவள் நிரோஷினி. நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வாவி ஆய்வுப் பிரிவுக்கு வந்த இளம் உத்தியோகத்தர். "அக்கா, திறப்பு விழாவுக்குக் கட்டாயம் வரணும். மறுகா, உங்கட அனுபவத்த எங்கட விழா மலருக்கு எழுதித் தரணும். நீங்க செஞ்ச நல்ல வேலையள எழுதுங்க" என்றாள். நல்ல வேலைகளை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு பிழையை எழுதுகிறேன். அதிலிருந்துதான் எனக்கு வேலை பிடிபட்டது.

என் ஊர் வந்தாறுமூலை. படிப்பு முடிந்ததும் கள உதவியாளராகச் சேர்ந்தேன். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பது, வலையில் பட்ட இறாலை இனம் பிரித்து நீளம் அளப்பது, கரையோரக் கண்ணாக் காட்டில் எத்தனை மரம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று எண்ணுவது, எல்லாம் முதல் இரண்டு வருடத்தில் பழகிவிட்டது. கண்ணா என்றால் உப்புத் தண்ணீருக்குள் வேர் ஊன்றி நிற்கும் மரம். அதன் வேருக்குள்தான் இறால் குஞ்சு வளரும். இவையெல்லாம் சுலபம். நீர்மட்டம் பார்ப்பதுதான் கடினம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தண்ணீருக்குள் நட்டிருக்கும் பலகையில் இலக்கம் எழுதியிருக்கிறது, வாசிக்க வேண்டியதுதானே என்பார்கள்.

எங்கள் தலைவர் தவராசா சேரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. நின்றபடி வாசிக்கக் கூடாது. கண் தண்ணீரோடு சமமாக வரும்வரை குந்த வேண்டும். அலை ஏறும்போது மூன்று தடவை, இறங்கும்போது மூன்று தடவை பார்த்து நடு அளவைக் குறிப்புக் கொப்பியில் எழுத வேண்டும். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு பலம் என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனா மழையில் கரையும். ஆனால் அழிறப்பர் கொண்டுவரக் கூடாது. பிழைத்தால் ஒரே ஒரு கோட்டால் வெட்டிவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். வெட்டிய இலக்கம் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

"அழிச்சா நீங்க பிழை விட்டது ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கும் மறந்துபோகும்" என்பார். யாரையும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அவர் கண்ணாடி துடைக்கத் தொடங்கினால் நாங்கள் எழுதியதைத் திரும்ப எடுத்துப் பார்ப்போம்.

அந்தப் பலகைக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று சொல்ல வேண்டும். எங்கள் வாவியின் வாயை வெயில் காலத்தில் கடல் மணல் போட்டு அடைத்துவிடும். அந்த இடந்தான் முகத்துவாரம். மாரி மழைக்கு வாவி நிரம்பும். வெளியேற வழியில்லாத தண்ணீர் மேற்கே படுவான்கரைப் பக்கத்துப் பள்ளக் காணிகளுக்குள் ஏறும். அப்போது ஊர் கூடி மண்வெட்டியால் மணல் திட்டை வெட்டிக் கடலுக்கு வழி விட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில்தான் காலங்காலமாக இழுபறி. வயல்காரர் இன்றைக்கே வெட்டு என்பார்கள். மீன்பிடிக்கிறவர்கள் பொறு என்பார்கள். வளராத இறால் வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடும். தண்ணீர் போதிய உயரம் வராமல் வெட்டினால் இழுவை போதாது, வாய் திரும்பவும் அடைபட்டுவிடும். இரண்டு பக்கத்துச் சொல்லிலும் நியாயம் உண்டு. அதனால் இரு பகுதியும் ஒத்துக்கொண்டு எங்கள் பலகையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். தண்ணீர் கோட்டைத் தொட்டால் வெட்டலாம், தொடாவிட்டால் பொறுக்க வேண்டும். அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரியில் எத்தனை பேர் எப்படிக் கத்தினாலும் கடைசியில் எங்கள் கொப்பியைத்தான் திறப்பார்கள்.

சுனாமி அந்தப் பலகையைக் கொண்டுபோனது. ஆட்களே போன நாளில் பலகையைப் பற்றி யார் நினைத்தார்? நாங்களும் நினைக்கவில்லை. மாதக்கணக்காக முகாம்களில் குடிதண்ணீர் சோதித்துக்கொண்டு திரிந்தோம். அடுத்த வருடம் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில்தான் புதுப் பலகை நடும் யோசனை வந்தது.

பலகையை எந்த உயரத்தில் நடுவது என்பது கேள்வி. முகத்துவாரப் பக்கத்து அடையாளக் கல் எல்லாம் அள்ளுண்டு போயிருந்தது. வாவியின் தெற்குக் கோடியில் எங்கள் இன்னொரு பலகை மட்டும் தப்பி நின்றது. சேர் ஒரு வழி சொன்னார். காற்றில்லாத நேரம் வாவித் தண்ணீர் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஒரே மட்டம். அவர் தெற்கே போய்க் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பலகையில் இலக்கத்தைப் பார்ப்பார். அதே ஒன்பதுக்கு நான் இங்கே தண்ணீர் நிற்கும் இடத்தை அடையாளம் வைப்பேன். அவருடைய இலக்கம் அந்த அடையாளத்தில் வரும்படி புதுப் பலகையை ஆணியடித்தால் முடிந்தது. ஒன்பது தவறினால் பின்னேரம் இரண்டு மணி. கை மணிக்கூடுகளை வானொலிச் செய்திக்குச் சரிபார்த்துக்கொண்டோம். தெற்கே போக அவருக்கும், முகத்துவாரத்தில் வேலை செய்ய எனக்கும் அந்த ஒரு நாளுக்குத்தான் இராணுவத்திடமிருந்து பாஸ் கிடைத்தது.

என்னை ஏற்றிச் சென்றவர் ஏறாவூர் ஆதம் காக்கா; முஸ்லிம்களில் மூத்தவரைக் காக்கா என்றுதான் அழைப்போம். வாவியில் வீச்சு வலை போடுகிறவர், மீனவர் சங்கத் தலைவர், எங்களுக்குத் தேவைப்பட்ட நாட்களில் தோணிக்காரர். சோதனைச் சாவடியில் என் பலகையைக் கண்டதும் மறித்துவிட்டார்கள். சிவப்புக் கோடும் இலக்கமும் போட்ட ஆறடிப் பலகையைத் தண்ணீருக்குள் நடப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் அந்த நாளில் யார்தான் நம்புவது! மேலிடத்தில் கேட்டு, பதில் வந்து, எங்களை விடும்போது பதினொரு மணி தாண்டிவிட்டது. இனி இரண்டு மணிதான்.

இரண்டு மணிக்குக் கச்சான் காற்று முழு வீச்சில் அடித்தது. தோணியை ஒரு இடத்தில் நிறுத்த ஆதம் காக்கா படாத பாடுபட்டார்.

"புள்ள, காத்து விழட்டும். ஆறு இந்தப் பக்கம் சரிஞ்சு கிடக்கு" என்றார். நாங்கள் கொப்பியில் வாவி என்று எழுதுவோம், அவர்களுக்கு அது ஆறு.

"பாஸ் அஞ்சு மணியோட முடியுது காக்கா. சேர் அங்க ரெண்டு மணிக்குப் பாத்துக்கொண்டிருப்பார்."

"பாஸுக்கு ஆறு அடங்குமா?"

எனக்கு விளங்காமல் இல்லை. காற்று தெற்கிலிருந்து தள்ளும்போது தண்ணீர் வடக்கே குவியும் என்று நான் படித்துத்தான் இருந்தேன். ஆனால் மறுபடி எப்போது பாஸ் கிடைக்கும்? கொஞ்சம்தானே வித்தியாசம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடையாளம் வைத்தேன், சேர் தொலைபேசியில் அனுப்பிய இலக்கத்துக்குப் பலகையை நட்டேன். கொப்பியின் ஓரத்தில் வழக்கப்படி "2 மணி, கச்சான், பலம்" என்று எழுதினேன். அடுத்த நாள் சேர் கேட்டார்: "அங்க காத்து எப்பிடி, பவளராணி?"

"சமாளிச்சன் சேர்" என்றேன்.

அவர் நின்ற தெற்குக் கோடி கண்ணாக் காட்டு மறைவில் இருந்தது. அங்கே ஓர் இலைகூட அசையவில்லையாம். நான் சமாளித்தேன் என்றால் சமாளித்திருப்பேன் என்று அவர் நம்பினார். கொஞ்ச நாளில் சண்டை மூண்டு தெற்குப் பாதையும் அடைபட்டது. அங்கே நின்ற பலகையை யாரோ அடுப்புக்கோ பதுங்குகுழிக்கோ கழற்றிக்கொண்டு போனார்கள். இரண்டையும் ஒப்பிட வழியில்லாமல் போயிற்று. படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்து காணிகள் தரிசாய்க் கிடந்ததால், எங்கள் இலக்கம் சரியா பிழையா என்று கேட்கவும் ஒருவரும் இருக்கவில்லை.

யுத்தம் முடிந்த வருடத்து மாரிதான் அந்தக் கேள்வியைக் கேட்டது.

அந்த மாரியைப் போல ஆசையோடு விதைத்த மாரியை நான் கண்டதில்லை. ஊர் திரும்பியவர்கள் இருந்ததையெல்லாம் மண்ணில் போட்டிருந்தார்கள். வாவியில் இன்ன நேரம்தான் இறங்கலாம் என்ற தடை நீங்கி மீனவர்களும் முதல் முழுப் பருவத்துக்குக் காத்திருந்தார்கள். மழை விடாமல் பெய்தது. பள்ள வயல் வட்டைகளுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று வயல்காரர் கச்சேரிக்கு வந்தார்கள். கச்சேரி எங்களைக் கேட்டது. கொப்பியைப் பார்த்தோம். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. பொறுக்கத்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம்.

அதற்கு அடுத்த நாள் நல்லம்மா அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். படுவான்கரையில் மூன்று ஏக்கர் காணி. புருஷன் இல்லை, பிள்ளைகள் இரண்டும் படிக்கிற வயது. முழங்காலுக்கு மேல் நனைந்த சேலையோடு என் மேசை முன்னால் நின்றார். கையில் ஒரு பால்மா டின்.

"உங்கட கொப்பியில ஏறாத தண்ணி என்ட வயலுக்குள்ள எப்பிடி வந்த புள்ள?"

"அது மழைத் தண்ணியாக்கும் அக்கா. வடிஞ்சிரும். ஆறு இன்னும் கோட்டுக்கு வரல்ல."

அவர் டின்னை என் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே கொஞ்சத் தண்ணீரில் இறால் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"காலையில வரம்புக்கு உள்ளால அள்ளின. எங்க சொல்லு பாப்பம், உங்கட மழையில இறாலும் பெய்யுதா?" என்றார். பிறகு சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி சொன்னார்: "இன்னும் ரெண்டு நாள் தண்ணிக்குள்ள தாண்டா பயிர் அழுகிப் போகும் புள்ள. நான் திரும்பி விதைக்க என்னட்ட ஒண்டும் இல்ல."

இறால் பொய் சொல்லாது. ஆற்றுத் தண்ணீர் வயலுக்குள் போயிருக்கிறது. அப்படியென்றால் பொய் சொல்வது பலகை. பலகையை நட்டது நான். அவரை இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அலுமாரியில் பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: 2 மணி, கச்சான், பலம். காற்றில் குவிந்த தண்ணீருக்கு அளவாக உயர்த்தி நட்ட பலகை, அன்றிலிருந்து நீர்மட்டத்தைக் குறைத்தே காட்டியிருக்கிறது. வாய் சமாளித்திருக்கிறது, பென்சில் சமாளிக்கவில்லை.

கொப்பியையும் டின்னையும் எடுத்துக்கொண்டு நேரே ஏறாவூருக்குப் போனேன். ஆதம் காக்கா துறையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பொறுக்கச் சொன்ன எங்கள் கடிதத்தால் மகிழ்ந்திருந்த ஆட்களில் அவர் முதலாவது ஆள்.

"காக்கா, அண்டைக்கு ஆறு எவ்வளவு சரிஞ்சு கிடந்த?"

அவர் வலையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "அதெல்லாம் இப்ப ஏன் புள்ள? இன்னும் பத்து நாள் நிண்டா இறால் விரல் மொத்தம் வரும். நாங்களும் பிள்ள குட்டிக்காரர்தானே."

"விரல் மொத்தம் வாறது எங்க வரும்?" என்று டின்னை நீட்டினேன். "இது நல்லம்மா அக்காட வயலுக்குள்ள அள்ளின. வட்டைக்குள்ள பூந்த இறால் உங்கட வலைக்குத் திரும்பி வருமா?"

அவர் டின்னுக்குள் கனநேரம் பார்த்தார். பிறகு எழும்பி, "வா" என்று துறையோரத்துக் கண்ணா மரமொன்றைக் காட்டினார். வேரடியில் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினார். கை முழங்கைக்குப் பாதி வரை தண்ணீருக்குள் போனது.

"இதுக்குள்ள ஒரு ஆணி கிடக்கு. சுனாமிக்கு முன்ன, உங்கட சேர் சிவப்புக் கோட்டில தண்ணி நிண்ட ஒரு நாள் நான் அடிச்ச. அலை இஞ்ச வரல்ல, மரம் அசையல்ல. இந்த ஆணி தண்ணிக்குள்ள தாண்டு இண்டைக்கு நாலு நாள்." கையை உதறினார். "பாத்துக்கொண்டு பேசாம இருந்த நாங்க. எங்கட வயித்துக்கு உங்கட கொப்பி வசதியாப் போச்சு. அல்லாஹ் மன்னிக்கட்டும்."

நானும் கையை விட்டுப் பார்த்தேன். துருப்பிடித்த தலை விரலில் தட்டுப்பட்டது. அதை இப்போதும் என் விரல் மறக்கவில்லை.

அடுத்து சேரிடம் போனேன். வேலை போகுமோ என்ற பயம் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்த நாள் தெற்கே தான் எழுதிய கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். அதில் "2 மணி, காற்று இல்லை" என்றிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சமாளிச்சன் எண்டது உங்கட பிழை. இந்த ரெண்டையும் ஒரு நாளும் ஒண்டா வச்சுப் பாக்காதது என்ட பிழை. என்ட பிழை பெரிசு, நான் சம்பளம் கூட எடுக்கிறவன்" என்றார். பிறகு ஆதம் காக்காவின் துறைக்கு வந்து, கால்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, காற்று விழும்வரை ஒரு மணித்தியாலம் நின்று, ஆணிக்கு மேல் தண்ணீர் எவ்வளவு என்று மூன்றுக்கு மூன்று தடவை அளந்தார். பழைய பலகையின் சிவப்புக் கோடு நின்ற உயரத்தைத் தண்ணீர் எப்போதோ கடந்துவிட்டிருந்தது.

அன்று பின்னேரமே கச்சேரியில் கூட்டம். சேர் எழும்பி, "எங்கட பலகை பிழையா நட்டது. இத்தனை வருஷமும் நாங்க தந்த இலக்கம் எல்லாம் பிழை" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. நான் எழும்பி, "நட்டது நான்தான்" என்றேன். ஒரு பக்கம் சத்தம் கிளம்பியது. மீனவர் பக்கமிருந்து ஒருவர், வயல்காரருக்காகக் கதை கட்டுகிறார்கள் என்றார். அப்போது ஆதம் காக்கா எழும்பினார். "ஆணி என்ட. தாண்டது உண்மை. நாளைக்கு வெட்டுவம், எங்கட ஆக்களும் மண்வெட்டியோட வருவாங்க" என்றார்.

விடிந்ததும் வெட்டினோம். ஒரு பக்கம் தேங்காய் உடைத்தார்கள், ஒரு பக்கம் பாத்திஹா ஓதினார்கள். முதலில் ஒரு சாண் அகலத்துக்கு வழிவிட்டது தண்ணீர். பிறகு மண்வெட்டிக்கு வேலையே இல்லை, அதுவே மணலைக் கரைத்துக்கொண்டு கடலுக்கு இறங்கியது. மத்தியானத்துக்குள் பக்கத்தில் நின்று பேசுவதே கேட்காத இரைச்சல்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசைதான். நல்லம்மா அக்காவின் கடைசிப் பள்ளத் துண்டு அழுகிவிட்டது. மற்றதிலிருந்து பிடுங்கி நட்டுப் பாதியை மீட்டார். அந்த மாதம் மீனவருக்கு இறால் குறைவு. ஆனால் நல்ல உயரத்தில் வெட்டியதால் வாய் ஆழமாக அரிபட்டு கனகாலம் திறந்திருந்தது. கடலிலிருந்து புதுக் குஞ்சு ஏறி, பின்பருவம் நன்றாக இருந்தது. எங்களுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சேர் ஒரே பக்கத்தில் பதில் எழுதினார். கொப்பிகளில் அத்தனை வருட இலக்கங்களையும் பக்கம் பக்கமாக ஒற்றைக் கோட்டால் வெட்டிப் பக்கத்தில் திருத்தம் எழுதும் வேலை எனக்கு. மூன்று மாதம் பிடித்தது. ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

அதன் பிறகு சேர் ஒரு புது ஒழுங்கு கொண்டுவந்தார். எங்கள் இலக்கத்தை மட்டும் வைத்து யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆதம் காக்காவின் ஆணியையும், நல்லம்மா அக்கா தன் வரம்பில் எங்கள் இலக்கங்களைக் கீறி நட்ட தடியையும் கேட்ட பிறகுதான் கடிதம் போகும். மூன்றும் பொருந்தாவிட்டால் மூன்று பேரும் போய்ப் பார்ப்போம். முதலில் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் நான் வேலையில் இருந்தவரைக்கும் கொப்பி பொய் என்று ஒருவரும் கச்சேரியில் சொன்னதில்லை. என் உத்தியோகத்தில் எனக்குப் பெருமை என்றால் இதுதான். சேர் இப்போது இல்லை. ஆதம் காக்காவின் ஆணியை அவருடைய மருமகன் பார்க்கிறார்.

போன கிழமை திறப்பு விழாவுக்குப் போனேன். ரிப்பன் வெட்டினார்கள், மாலை போட்டார்கள், கேக் தந்தார்கள். கருவி ஒரு சின்னப் பெட்டி. நிரோஷினி எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மரியாதையாகக் கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் தயங்கினேன்.

"இதப் பூட்டின நேரம்..."

"காத்து விழுந்த பிறகுதான் அக்கா" என்று சிரித்தாள். "மூணு நாள் காத்திருந்த நாங்க. பூட்ட வந்த கம்பனிக்காரருக்குச் சரியான கோபம். உங்கட வெட்டின கொப்பி எல்லாத்தையும் வாசிச்சிற்றுத்தானே வேலைக்கு இறங்கின நாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேக்கைக் குறை சொல்லிச் சமாளித்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கைத்தொலைபேசி அடித்தது. நல்லம்மா அக்கா. விழாவுக்கு வர முடியவில்லை, வயலில் நின்றார்.

"என்ன புள்ள, உங்கட புதுப் பெட்டி எவ்வளவு காட்டுது?"

நிரோஷினி திரையைப் பார்த்து இலக்கத்தைச் சொன்னாள். நான் அதை அக்காவுக்குச் சொன்னேன். மறுமுனையில் தண்ணீருக்குள் கால் வைக்கும் சத்தம் கேட்டது.

"ஓம், சரிதான்" என்றார் அக்கா. "என்ட தடியிலயும் அவ்வளவுதான்."